கடைசி வரிசை

கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கிராதிக்கு அந்தப் பக்கம் முழங்காலில் நிற்கிறவர்கள் இடது கைமேல் வலது கையை வைத்து நீட்ட, நான் தட்டிலிருந்து ஒரு திருவிருந்து அப்பத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி அடுத்த கைக்கு நகர்கிறேன். பின்னால் உபதேசியார் பொன்னையா திராட்சரசக் கிண்ணத்தோடு வருகிறார். வாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகிறது, வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு வீட்டுக்கு வந்துசேருமே, அந்த மாதிரி. மனசு மட்டும் தென்பக்கத்து முதல் பெஞ்சில், ரூபாவதியின் வெள்ளைச் சேலைத் தலைப்பில், கருவேல முள்ளில் மாட்டிய வேட்டியாக மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பார்க்காதே. பார்த்துவிட்டேன். அவள் குனிந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் மகன் கமாலியேல் குனியவில்லை. என்னையே பார்க்கிறான். அப்பாவுடைய முதல் வருஷ நினைவு நாளுக்காகச் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த பையன், காலையில் வாசலில் என் கையைப் பிடித்து, "நல்லாயிருக்கியளா ஐயா, இன்னைக்கு உங்க கதையக் கேக்கணும்னுதான் ஓடியாந்தேன்" என்று சிரித்த பையன். கேட்டுவிட்டான். எங்கள் சபையில் ஒரு வழக்கம், நினைவு நாள் குடும்பம் கடைசி வரிசையாகத்தான் வரும், எல்லாரும் எடுத்துப் போன பிறகு கிராதி முழுக்க அவர்கள் மட்டும் நிற்பார்கள், ஐயர், அதாவது பாதிரியாகிய நான், அவர்கள் தலைமேல் கைவைத்து, போனவர் பேரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். எலியாசர் வாத்தியார். அவர் பேரைச் சொல்ல வேண்டும், இந்த வாயால், அரைமணி நேரம் முன்பு பிரசங்கத்தில் அவரை ஒரு கிளியோடு கப்பலில் ஏற்றி அனுப்பிய இதே வாயால். இன்னும் எத்தனை வரிசை இருக்கிறது? இருக்கட்டும். நிறைய இருக்கட்டும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் திடீரென்று மனந்திரும்பி வந்து வரிசையில் நிற்கட்டும், சாயங்காலம்வரை கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

எல்லாவற்றையும் மாற்றினேனே. ஒன்று விடாமல் மாற்றினேனே. வாத்தியாரைக் கொழும்புக் கப்பல் கேப்டன் ஆக்கினேன், அவர் இருந்தது இந்தத் தெருக்கோடி ஓட்டு வீட்டில், நான் அவரை வைத்தது கடலைப் பார்த்த மாடி பங்களாவில். ரூபாவதியை ஒரு துரைசாணி ஆக்கிக் கவுன் போட்டுவிட்டேன். அவள் குடித்த காப்பியைத் தேயிலை ஆக்கினேன். போதாததற்கு ஒரு கிளி. கேப்டன் கூப்பிடும்போதெல்லாம் துரைசாணிக்குப் பதிலாக அந்தக் கிளி, "வாரேன், இந்தா வாரேன்" என்று சொல்லும், கேப்டன் அவள் வருகிறாள் என்று நம்பிப் படுத்திருப்பார். கிளிக்குச் சபை சிரித்தது. இந்தக் கை யாருடையது, ஆ, பொருளாளர், இவரும் விழித்துக்கொண்டு சிரித்தார், அதுவரை குறட்டை. கரண்ட் போய் மின்விசிறி நின்று, பெண்கள் பக்கம் பாதி பேர் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருக்க, பொறுமையைப் பற்றி நான் எழுதி வைத்திருந்தது ஊறவைத்த அவல் மாதிரி சப்பென்று வாயைவிட்டு வந்துகொண்டிருந்தது. கொட்டாவிகள். ஒரு கொட்டாவியைத் தாங்குவேன், பத்துக் கொட்டாவியைத் தாங்கமாட்டேன், அது என் வியாதி. அப்போது நாக்கு தானாக எங்கோ இருட்டில் கையை விட்டுத் துழாவி எதையோ இழுத்தது. "கொழும்பிலே ஒரு கேப்டன் இருந்தார்" என்று அது ஆரம்பித்தபோது சத்தியமாக எனக்கே தெரியாது அது எங்கே போகிறதென்று. பொய். தெரியும். பாதி வழியில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை, ஏனென்றால் கொட்டாவிகள் நின்றிருந்தன.

மணி. மணியை மட்டும் மாற்றவில்லை. பக்கவாதத்தில் விழுந்த வாத்தியாருக்கு இடது கைதான் வேலை செய்யும், குரல் அறை தாண்டாது. பள்ளிக்கூடத்தில் அவர் முப்பது வருஷம் அடித்த கைமணியை ஜன்னல் கம்பியில் கட்டி, கயிற்றின் மறுநுனியைக் கட்டில் காலில் முடிந்து, எட்டிப் பிடிக்கும்படி வைத்திருந்தார்கள். தாகம் என்றால் மணி, திரும்பிப் படுக்க மணி, ஈ உட்கார்ந்தால் மணி. தெருவுக்கே கேட்கும். தயிர்க்காரி கேட்டிருக்கிறாள், பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், "வாத்தியார் இண்டர்வெல் விட்டுட்டாரு" என்று கேலி பேசியிருக்கிறார்கள். இந்த ஊரில் அந்த மணியைக் கேட்காத காது இல்லை. அதைக் கொண்டுபோய்க் கப்பல் மணி என்று பேர் மட்டும் மாற்றி, அதே ஜன்னல் கம்பி, அதே கயிறு, அதே கட்டில் கால். ஏன் மாற்றவில்லை? மாற்றினால் கதை நிற்காது. ஒரு விசில் என்று வைத்திருக்கலாம். கைத்தடியால் தட்டினார் என்று வைத்திருக்கலாம். மணிபோல வராதே. அடிக்கும்போது கேட்கிறவனுக்கு நெஞ்சில் விழ வேண்டுமே. நான் அதைக் கையால் அடித்துக்கூடக் காட்டினேன், ஆண்டவரே, பிரசங்க பீடத்தில் நின்று இடது கையால் கயிற்றை இழுத்துக் காட்டினேன். சபை அப்படியே அடங்கிப் போனது. ஒரு இருமல் இல்லை. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்தேன்! முன்வரிசையில் ஒரு தலை மெல்லத் திரும்பித் தென்பக்கத்துப் பெஞ்சைப் பார்த்தது, பிறகு அதன் பின்னால் ஒரு தலை, அப்புறம் வரிசையாக. அப்போதுகூட எனக்குப் புரியவில்லை. என் மனைவி மட்டும் தலையைத் திருப்பாமல் தன் மடியைப் பார்த்தாள். அவள் மடியைப் பார்த்தால் நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று அர்த்தம். அந்த நிமிஷம், அதைத்தான் விழுங்க முடியவில்லை, அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வரிசை. முழங்கால்கள் இறங்குகிற சத்தம், வளையல், யாருக்கோ மூட்டு நெட்டி முறிகிறது. இது மின்சாரச் சாமான் கடை ஜெபத்துரையின் கை, நகத்தில் கறுப்பு. ஒருநாள் இந்தக் கை என் மேஜைமேல் கிடந்தது. "மேல ஒருத்தர் இருக்காருன்னே இப்பம் தோணல ஐயா. வீட்டுக்காரி அழுவாளேன்னுதான் கோயிலுக்கு வாரேன்." அவனுக்கு நான் என்ன கொடுத்தேன்? ஒரு முதலையைக் கொடுத்தேன். பெருவெள்ளத்தில் கட்டிலோடு ஆற்றில் மிதந்துபோன மனுஷனை வாலால் தள்ளித் தள்ளிக் கரைசேர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படித்துறையில் வந்து படுத்துப் பாட்டுக் கேட்ட முதலை. சிரித்தான். சிரித்துவிட்டு எழுந்து போனான், வந்ததை வந்தபடியே திரும்ப எடுத்துக்கொண்டு. பிற்பாடு ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் அவனுக்குத் தாடி வைத்து, கண்ணாடி மாட்டி, மதுரைப் பேராசிரியர் ஆக்கி, பக்கத்துத் தென்னையில் இடியை இறக்கி மனந்திரும்ப வைத்தேன். ஜெபத்துரையும் சிரித்தான் என்றுதான் நினைத்திருந்தேன். சிரித்தானா, இருமினானா? இதோ அப்பத்தை வாங்குகிறான். மரியாதையாக வாங்குகிறான், கல்யாண வீட்டில் பாக்கு எடுக்கிற மாதிரி. எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்குமோ? அடுத்தது மெலிந்த கை, மணிக்கட்டில் பழைய காயம், புருஷன் அடிக்கிறான் என்று ஒரு மத்தியானம் வந்து நின்றவள். இவளுக்கும் ஒரு கதைதான், புலியின் மீசை முடியைப் பிடுங்கி வந்த பொறுமைசாலி மனைவி. எந்தப் புலி? யாருடைய மீசை? அவள் வீட்டுக்குப் போய் அன்றைக்கு ராத்திரி என்ன ஆனாள் என்று நான் கேட்கவே இல்லை. இறையியல் கல்லூரியில் ஆலோசனைப் பாடம் எடுத்தவர் நோயாளி மாதிரி பெஞ்சில் படுத்துக்கொள்வார், நாங்கள் ஒவ்வொருவராகப் போய் ஆறுதல் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து பெஞ்சிலிருந்து விழுந்தார். வகுப்பே கைதட்டியது. எழுந்து தூசியைத் தட்டிவிட்டு எனக்கு முட்டை மார்க் போட்டார். "என்னய்யா?" என்றேன். "நோயாளி சிரிச்சான், சரிதான். நோய் படுத்த இடத்துலயே கிடக்கே" என்றார். அதையும் நான் பலமுறை கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது யோசித்தால், கொஞ்ச காலமாகப் பாதிரி வீட்டுக்கு யாரும் மனசைக் கொண்டு வருவதே இல்லை. ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுக்கு வருகிறார்கள், கல்யாண அறிவிப்பு ஓலைக்கு வருகிறார்கள், நின்றபடியே வாங்கிக்கொண்டு நின்றபடியே போகிறார்கள். நாற்காலியைக் காட்டினால், "இல்ல ஐயா, அடுப்புல வச்சிட்டு வந்திருக்கேன்." ஊரில் எல்லார் வீட்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எப்படி எரியும் என்று நான் யோசித்ததில்லை.

ரூபாவதி மட்டும் உட்கார்ந்தாள். வாத்தியாரை அடக்கம் பண்ணிச் சில மாசம் ஆகியிருக்கும். என் மனைவி வைத்த காப்பியைத் தொடவில்லை, டம்ளரை ஒரு பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாகச் சூடாக ஒரு வாய் காப்பி குடித்ததில்லையாம், வாயில் வைக்கிற நேரத்துக்கு மணி அடிக்கும், போய்வந்தால் ஆடை கட்டியிருக்கும். வாத்தியார் இறந்த அன்றைக்கு விடியலில் கொல்லைப் படியில் உட்கார்ந்து டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது மணி. "எந்திரிக்கல ஐயா. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். குடிச்சு முடிச்சேன்." அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், சுவரில் பல்லி நகர்வது எனக்குக் கேட்டது. நான் நன்றாகத்தான் ஆறுதல் சொன்னேன். உருக்கமாக ஜெபித்தேன், எனக்கே கண்ணீர் வந்தது, அவள் முக்காட்டை இழுத்துவிட்டுப் போனாள், வாசல்வரை போய் வழியனுப்பினேன். இது யாருக்கும் தெரியாது. எனக்கும் ஆண்டவருக்கும் அவளுக்கும்தான். மகனுக்குத் தெரியாது. "எங்கம்மா மாதிரி பாக்க ஆளு கிடையாது ஐயா, அப்பாவுக்கு ஒரு புண்ணு வர விடல" என்று அடக்கத்தன்றைக்கு என் தோளில் சாய்ந்து அழுதவன் அவன். இனி அந்த வீட்டில் அவன் எப்படிச் சாப்பிடுவான், அவள் எப்படிப் பரிமாறுவாள், காப்பி டம்ளரை எந்தக் கையால் நீட்டுவாள்? சாயங்காலம் அவன் பஸ் ஏறிவிட்டால் மறுபடி வருவானா? அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு பிள்ளையின் முகம், அதைக் கிளிச் சிரிப்புக்கு விற்றேன்.

மயக்கம் போட்டு விழுந்தால் என்ன? என் வயசுக்கு நம்புவார்கள். சோடா கொண்டுவருவார்கள், பொன்னையா விசிறுவார், நினைவு ஜெபத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். தட்டைத் தவறவிட்டால்? அப்பம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால்? தட்டை எட்டிப் பார்க்கிறேன், வெட்கங்கெட்ட கண்ணே, வேண்டிய மட்டும் இருக்கிறது. இன்னொரு வழியும் இருக்கிறது. கொஞ்ச நேரமாகவே அது மூலையில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. என் புளுகு ஊரறிந்தது. "ஐயர் சொன்னதுல அரைக்கால் படி வேதம், மிச்சம் ஆத்துத் தண்ணி" என்று டீக்கடையில் பேசுகிறார்கள், எனக்குத் தெரியும், ரகசியமாகப் பெருமையும்கூட. அப்படியானால் இதுவும் புளுகு என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. தெருவில் மணிச்சத்தம் கேட்டேன், அதை வைத்துச் சும்மா கட்டினேன். செத்த மனுஷனையும் விதவையையும் வைத்து விளையாடிய கிழட்டுப் பாதிரி என்று காறித் துப்புவார்கள், துப்பட்டும். அவள் தப்பிப்பாள். நாற்பது வருஷம் உப்பும் புளியுமாக வளர்த்த பொய்யன் என்கிற பேர் ஒருநாளாவது யாருக்காவது குடையாக நிற்கட்டும். இது நல்ல யோசனையா, அல்லது இதுவும் இன்னொரு நல்ல கதையா? எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய் எவ்வளவு காலம் ஆயிற்று?

கிராதி காலியாகிவிட்டது. பாடகர்கள் பாட்டை இழுக்கிறார்கள். தென்பக்கத்துப் பெஞ்சில் யாரும் எழவில்லை. எழவேண்டாம். எழுந்து வெளியே போய்விடு தாயே, நான் குற்றவாளியாக இங்கேயே நிற்கிறேன். எழுந்தாள். மகனும் எழுந்தான், நடுவில் இன்னொரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு. சபை முழுக்கக் கண்ணாகிவிட்டது. அவள் முழங்காலில் இறங்கிக் கிராதியைப் பிடித்துக்கொள்கிறாள், அவனும் இறங்குகிறான். அவள் கை நீள்கிறது, காய்ப்பு விழுந்த உள்ளங்கை. அப்பத்தை வைக்கிறேன், சொல்ல வேண்டியது நாக்கில் ஒட்டிக்கொண்டு பாதிதான் வருகிறது. அவன் கையை நீட்டவில்லை.

"ஐயா." குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறான். "அது எங்க வீடா?"

"எது தம்பி?"

"தெரியாத மாதிரி கேக்காதிய. கேப்டன் வீடு."

சொன்னேன். நாக்கு சறுக்கக்கூட இல்லை. "கட்டுக்கதை தம்பி. நான் கட்டுனது."

"மணி?"

"மணி மட்டும் உங்க வீட்டுல எடுத்தது. தெருவுல போகையில கேட்டிருக்கேன். மத்ததெல்லாம் என் புளுகு. என் குணம் உனக்குத் தெரியாதா?"

"எங்க அப்பா சாவு உங்களுக்கு வெளாட்டாப் போச்சு, என்னய்யா? எங்கம்மா ஆறு வருஷம் பீ மூத்திரம் அள்ளுன கை இது. அவளைப் போயி..." அறைந்துவிடுவான்போல இருக்கிறது, அறை, அறைந்துவிடு, எனக்கு உள்ளே குளிர்ந்துபோய்விட்டது, தப்பித்தாள், நம்பிவிட்டான், ஆண்டவரே நம்பிவிட்டான்.

"ஐயர் பொய் சொல்லுதாரு" என்றாள் ரூபாவதி. அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, கையிலிருந்த அப்பத்தைப் பார்த்துச் சொன்னாள். "எனக்காகச் சொல்லுதாரு. கிளியும் கப்பலும்தான் அவரு கட்டுனது. போகாம இருந்தது நாந்தான்."

"எம்மா, சும்மா இரு."

"ஒரு வருசமாச் சும்மாத்தான இருக்கேன். ஐயர்கிட்ட சொல்லப் போனேன். பாதிதான் சொன்னேன். அதுக்குள்ள அவரு கண்ண மூடி ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டாரு. ஜெபம் முடிஞ்சா எந்திரிச்சு வரணும்லா, வந்துட்டேன்."

பாதி. நான் வாசல்வரை போய் வழியனுப்பியது பாதி மனுஷியை. பீடத்தில் ஏற்றியது பாதிக் கதையை. மிச்சத்தை நானே போட்டு நிரப்பினேன், கேப்டன் செத்துக் கிடந்தார், துரைசாணி கதறினாள், கிளி பேசவே இல்லை என்று. "ரூபாவதி, வேண்டாம்மா, பிறகு..." என்று தொடங்கினேன்.

"நீங்க பேசாம இருங்க ஐயா." கோபமாக இல்லை, பிள்ளையை அதட்டுகிற மாதிரி. பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா மணிய அடிச்சாவ, விட்டாவ. மறுபடி அடிச்சாவ. பிறகு சத்தம் இல்ல. அப்பந்தான் தம்பி எனக்கு நெஞ்சு பதறிப் போயி ஓடுனேன். உசுரு இருந்துச்சு. மூச்சு மட்டும் மேல மேல இழுத்துக்கிட்டு. என்னப் பாத்து வாயக் கோணிக்கிட்டு, 'தூங்கிட்டியாட்டி'ன்னாவ. நான் 'ஆமா'ன்னுட்டேன். பச்சப் பொய்யி. 'தூங்கு, நீ நல்லாத் தூங்கு'ன்னாவ. அதுக்குப் பெறவு ஒரு வார்த்த பேசல."

கமாலியேலின் நெற்றி கிராதிக் கட்டைமேல் இறங்கியது, டொக்கென்று சத்தம் கேட்டது. எழுந்து போவானா? தோள் குலுங்குகிறது. நடுவில் விட்டிருந்த இடம் அப்படியேதான் இருக்கிறது, அவளும் அதைத் தாண்டிக் கையை நீட்டவில்லை. பாட்டில் சரணங்கள் தீர்ந்துபோய் ஆர்மோனியம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் வாயில் எச்சில் ஊறுகிறது, வார்த்தைகள் வழக்கம்போல வாசலில் வந்து முட்டுகின்றன, அழகான வார்த்தைகள், மன்னிப்பைப் பற்றி, நித்திரையைப் பற்றி, சபையே அழுதுவிடும். பல்லைக் கடித்துக்கொள்கிறேன். முழங்கால் மடங்குகிறது, அங்கி காலில் சிக்க, கிராதிக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு எதிரே நானும் இறங்கிவிட்டேன், தட்டு தரையில். அவள் முகம் இப்போது என் முகத்துக்கு நேரே இருக்கிறது.

"நான் ஏன் 'ஆமா'ன்னு சொன்னேன்னா தம்பி..." என்று மறுபடி ஆரம்பித்தாள்.

உபதேசியார் பொன்னையா குனிந்து என் காதில், "ஐயா, ஜெபம். எல்லாரும் பாக்காங்க" என்று தோளைத் தொட்டார்.

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறும் என்று கையை மட்டும் காட்டிவிட்டு, அவள் சொல்வது சரியாகக் கேட்கவில்லையே என்று கிராதியோரம் இன்னும் கிட்ட நகர்ந்துகொண்டேன்.